நனைத்தவருக்கே படகு

மகனே,

வழக்கமாக உன் நலத்தை விசாரித்துத்தான் கடிதத்தைத் தொடங்குவேன். இம்முறை அதை விட்டுவிடுகிறேன். நீ நலமாக இருக்கிறாய் என்பதைப் போன ஞாயிற்றுக்கிழமை காலையில், படகுக் கொட்டகையின் வாசலில் நின்று, என் கண்ணாலேயே பார்த்தேன். புதுச் சட்டை, கையில் புதுக் கடிகாரம், பின்னால் உனக்குப் பெண் கொடுக்கப்போகிறவர், அவருடைய நண்பர்கள், ஆறு நிறையத் தண்ணீர். உன் நலத்துக்கு என்ன குறை?

நகரப் பேருந்தில் ஏறினால் வந்து சேரும் தொலைவில், கே.கே. நகரில், குடியிருக்கும் மகனுக்குக் கடிதம் எதற்கு என்று கேட்பாய். அன்று மாலையே உன் வீட்டுக்கு வந்து பேசிப் பார்த்தேன். சில நியாயங்களை அடுக்கிவிட்டு, "கல்யாண வேல தலைக்கு மேல கெடக்குப்பா, எல்லாம் முடிஞ்சப்புறம் பேசிக்குவோம்" என்று முடித்துவிட்டாய். கல்யாணம் முடிந்த பிறகு பேசுவதற்கு ஒன்றும் மிச்சமிருக்காது. செய்தது பழகிப் போயிருக்கும். ஆகவே எழுதுகிறேன். இது மூடிய கடிதமன்று. உன் கைக்கு இது சேர்ந்த மறுநாள் இதன் பிரதியொன்றைக் கொட்டகையின் அறிவிப்புப் பலகையில் ஒட்டுவேன். நீ செய்தது பலர் முன்னிலையில் செய்யப்பட்டது. அதற்கான பதிலும் பலர் முன்னிலையில்தான் இருக்க வேண்டும். வீட்டு விஷயத்தை அப்பா தெருவுக்கு இழுக்கிறார் என்று சொல்லாதே. இது வீட்டு விஷயமன்று, நம் படகுக் கழகத்தின் விஷயம். அதற்குள் வீட்டைக் கொண்டுவந்தவன் நீ. உன் வருங்கால மாமனாரை முன்னே நிறுத்திக்கொண்டு அதைச் செய்தவன் நீ.

பலகையில் இதைப் படிக்கப்போகும் புதிய உறுப்பினர்களுக்காகச் சில பழைய செய்திகளையும் சொல்ல வேண்டியிருக்கிறது. அவர்கள் அறியாதவர்கள், அவர்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை. நீ அறிந்தவன். அறிந்தும் செய்தாய் என்பதுதான் என் கோபம்.

நீ தொடக்கப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்த காலம். வைகையின் வடகரையில் நம் தெரு மேட்டிலும், கரைத்தெரு அதற்குக் கீழே மணலை ஒட்டியும் இருந்தன. நம் தெருவில் அலுவலகம் போகிறவர்களும் வாத்தியார்களும். கரைத்தெருவில் வாடிப்பட்டிப் பக்கத்து வயல்களில் கூலிக்கு உழைத்துவிட்டு ஆலை வேலை தேடி ஊருக்குள் வந்த குடும்பங்கள். ஆற்றில் தண்ணீர் வரும் மாதங்களில் தரைப்பாலம் அதைத் தடுத்து நிறுத்தும். பாலத்துக்கு மேற்கே ஏரிபோல் நீண்டு தேங்கும். இரண்டு தெருப் பிள்ளைகளும் வாழைமரங்களை வெட்டிக் கட்டி அதில் மிதப்பார்கள். ஓர் ஆண்டு அந்தக் கட்டு அவிழ்ந்தது. கரைத்தெருப் பையன் ஒருவனும் எதிர்வீட்டுக் கணக்காளரின் மகனும் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டே மூழ்கி, ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டே பிணமாக இழுத்துப் போடப்பட்டார்கள். அன்று மாலை இரண்டு தெருப் பெற்றோரும் ஒரே இடத்தில் கூடினோம். அதற்கு முன் அப்படிக் கூடியது எனக்கு நினைவில்லை. பிள்ளைகளைத் தண்ணீரிலிருந்து தடுக்க முடியாது, ஒழுங்கான படகையாவது கொடுப்போம் என்று முடிவாயிற்று. கழகம் அப்படித்தான் பிறந்தது.

மலை ஏரி ஒன்றில் கழித்துப் போட்டிருந்த மரப் படகுகள் இரண்டை லாரியில் ஏற்றி இறக்கிக்கொண்டு வந்தோம். வாடிப்பட்டியில் தேநீருக்கு நிறுத்தியபோது கடைக்காரர் வெளியே வந்து பார்த்தார்.

"என்னண்ணே இது, போட்டா? எந்த ஊருக்குப் போகுது?"

"மதுரைக்கு" என்றேன்.

"மதுரைக்கா! அங்க எங்கண்ணே தண்ணி? கொழாயில வாரதுலயா விடப்போறீக?"

சுற்றி நின்றவர்கள் சிரித்த சிரிப்பில் லாரி ஓட்டுநரும் சேர்ந்துகொண்டார். "நீங்க வேற. மணல்ல போட்டு ஓட்டி மதுரக்காரன் பேரு வாங்கப்போறான், பாத்துக்கிட்டே இருங்க."

அவர் சொன்னதில் பாதி பலித்தது. முதல் ஆண்டு ஒரு குறையும் இல்லை. பிறகு ஆறு வற்றியது. படகுகளைத் துடைத்து, கொட்டகையில் தூக்கி வைத்து, கதவைப் பூட்டி, அவற்றைப் பத்திரமாகப் பாதுகாத்துவிட்டதாக நம்பிக் கோடை முழுவதும் காயவிட்டோம். மறுபடி தண்ணீர் வந்த அன்று படகுக்கு மாலை போட்டு, தேங்காய் உடைத்து, நிர்வாகக் குழு முழுவதும் ஏறி உட்கார்ந்து கிளம்பினோம். காய்ந்த பலகைகள் சுருங்கி இடுக்கெல்லாம் வாய் திறந்திருந்தது எங்கள் கண்ணுக்குத் தெரியவில்லை. நடு ஆற்றுக்குப் போவதற்குள் தண்ணீர் எல்லாப் பக்கமும் பீறிட்டது. இடுப்பளவுத் தண்ணீரில், வெள்ளை வேட்டிகளோடு, அப்படியே உட்கார்ந்த நிலையில் மூழ்கினோம். பாலத்தின் மேலிருந்து யாரோ கத்தினார்கள்: "போட்டுக்குத் தாகம்ணே! அம்புட்டுத் தண்ணியையும் குடிக்குது, விடுங்க, குடிச்சு முடிக்கட்டும்!" இயற்பியல் கற்பிப்பவனான எனக்கு மரம் காய்ந்தால் சுருங்கும் என்பது தெரியாததன்று. மலை ஏரியில் படகு காய்வதே இல்லை. ஆகவே அதை அங்கே யாரும் சொல்லவில்லை. ஆண்டில் பெரும்பகுதி மணலாகக் கிடக்கும் ஆற்றின் கரையில் படகு வைத்திருப்பவர்களுக்கு மட்டுமே வரக்கூடிய பிழை அது.

அந்தப் பிழையிலிருந்துதான் நம் விதி வந்தது. கோடை முழுவதும் படகுகளைத் தினமும் நனைக்க வேண்டும். மணலில் ஊற்றுத் தோண்டி, இறைத்து, குடத்தில் தூக்கிவந்து, படகின் உட்புறத்தில் ஊற்றி, வெளிப்புறத்தில் ஈரச் சாக்குகளைப் போர்த்த வேண்டும். மதுரை வெயிலில் அந்தச் சாக்கு மறுநாள் மாலைக்குள் அப்பளமாகிவிடும். மறுபடி நனைக்க வேண்டும். எல்லோரும் முறை வைத்துச் செய்வோம் என்று முடிவெடுத்து, நான் எழுதி, எல்லோரும் கையெழுத்திட்ட வாசகம் இது: "கோடையில் தம் முறைக்குப் படகை நனைத்தவர், ஆற்றில் தண்ணீர் வந்ததும் படகில் ஏறலாம். நனைக்காதவர் ஏறலாகாது. இதற்கு விலக்கு இல்லை." நான் என் பணிக்காலத்தில் எத்தனையோ விதிகளைப் படித்திருக்கிறேன், சிலவற்றை எழுதியும் இருக்கிறேன். இதைவிட நேர்மையான ஒன்றை அறியேன். யாருடைய மகன், எந்தத் தெரு, என்ன படிப்பு என்ற கேள்விகளுக்கெல்லாம் இதில் இடமே இல்லை. குடம் தூக்கினாயா? அப்படியென்றால் ஏறு.

எதிர்ப்பு இல்லாமல் இல்லை. நம் படகில் இருவர் ஒரே பலகையில் தோளோடு தோள் உட்கார்ந்து, ஆளுக்கொரு துடுப்பை இழுக்க வேண்டும். நம் தெருப் பெரியவர் ஒருவர் என்னைத் தனியே அழைத்து, "நம்ம பிள்ளைகளும் அதுகளும் ஒரே பலகையிலயா சார்? விதி இருக்கட்டும், ஒரு வெவரம் வேணாமா?" என்று கேட்டார். எழுதாத விவரம் எதுவும் எங்கள் கழகத்தில் செல்லாது என்று சொல்லி அனுப்பினேன். அவர் அதன்பின் கொட்டகைப் பக்கம் வரவில்லை. அவருடைய பேரன் வந்தான், குடம் தூக்கினான், படகில் ஏறினான்.

அந்த விதி எனக்கும் வளைந்து கொடுக்கவில்லை என்பது உனக்குத் தெரியும். ஒரு கோடையில் கல்லூரித் தேர்வுத்தாள்கள் குவிந்துவிட, பசுமலையிலிருந்து நான் வீடு திரும்பவே தினமும் இருட்டியது. என் முறைகளை உன் அம்மாதான் செய்தாள். தண்ணீர் வந்த ஞாயிறன்று நான் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினேன். அவள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு என்னோடு வந்தாள். வேடிக்கை பார்க்க வருகிறாள் என்று நினைத்தேன்.

"நீங்க எங்க ஏறுறீக?" என்றாள், எல்லோர் முன்னிலையிலும். "கொடத்தத் தூக்குனது நானு. நீங்க எழுதுன விதியத்தேன் சொல்றேன். கொஞ்சம் தள்ளி நில்லுங்க."

"பெண்கள் ஏறுவதைப் பற்றி விதியில்…" என்று தொடங்கினேன்.

"ஏறக்கூடாதுன்னு எழுதியிருக்கா?"

எழுதியிருக்கவில்லை. நான் கரையில் நின்றேன். அவள் துடுப்பைப் பிடிக்கத் தெரியாமல் பிடித்து, தன் மேலும் பக்கத்திலிருந்தவர் மேலும் தண்ணீரை வாரியிறைத்து, சிரித்துச் சிரித்து இருமினாள். மறு ஆண்டு நம் தெருப் பெண்களும் கரைத்தெருப் பெண்களும் தங்களுக்கென்று முறை கேட்டு வந்தார்கள். விதி யாரையும் வெளியே நிறுத்துவதற்காக எழுதப்பட்டதன்று என்பதை அன்று நானே புரிந்துகொண்டேன். ஆட்களை உள்ளே கொண்டுவருகிற விதி அது.

ஆனால் அது உன்னையும் ஒருமுறை நிறுத்தியது. அதை நீ என் முகத்துக்கு நேரே போன ஞாயிறு மாலையும் சொல்லிக் காட்டினாய். "பெத்த பிள்ளையையே கரையில நிறுத்துனவருதான நீங்க" என்றாய். ஆம், நிறுத்தினேன். உன் முறை நாளன்று நீ பகல்காட்சி சினிமாவுக்குப் போய்விட்டாய். அப்போது நான் செயலாளர். தண்ணீர் வந்த முதல் ஞாயிறு நீ ஏறக் கூடாது என்றேன். நீ அழுதாய். நான் மாறவில்லை. இன்று அதே நிலை வந்தாலும் அதையே செய்வேன். அதற்காக வருத்தம் தெரிவிக்கப் போவதும் இல்லை. ஆனால் அந்தக் கதையில் பாதியை மட்டும் நீ நினைவில் வைத்திருக்கிறாய். மீதியை நான் சொல்கிறேன். அன்று உன் இணைத் துடுப்புக்காரன் பாண்டி ஏற்கெனவே பலகையில் உட்கார்ந்திருந்தான். கரைத்தெருப் பாண்டி. அவன் தன் முறையைத் தவறாமல் செய்தவன். ஏறுவதற்கு முழு உரிமை உள்ளவன். நீ கரையில் நின்று அழுவதைப் பார்த்துவிட்டு இறங்கி வந்துவிட்டான். "ஏனப்பா, நீ போகலாமே" என்றேன். "அவன் இல்லாம நான் எதுக்கு சார் போகணும்? ஒத்தத் துடுப்புன்னா போட்டு சுத்திக்கிட்டே கெடக்கும்" என்று சொல்லிவிட்டு உன் பக்கத்தில் மணலில் உட்கார்ந்தான். அன்று முழுவதும் நீங்கள் இருவரும் தண்ணீரில் கல் எறிந்துகொண்டிருந்தீர்கள்.

அதன்பின் நீங்கள் எப்படி வளர்ந்தீர்கள் என்பதை ஊர் பார்த்தது. அந்தப் பலகையில் நீ இடப்பக்கம், அவன் வலப்பக்கம். உனக்கு மூச்சு வாங்கினால் அவன் இழுப்பைக் குறைப்பான். அவன் கை வழுக்கினால் நீ நிறுத்துவாய். உனக்கு அவன் மாப்ள, அவனுக்கு நீ மாப்ள. நீ கல்லூரிக்குப் போனாய், வங்கியில் சேர்ந்தாய். அவன் வயர்மேன் வேலைக்குப் போனான். ஞாயிற்றுக்கிழமை மட்டும் மாறவில்லை. நீ செயலாளர் பொறுப்புக்கு நின்றபோது உன் பெயரை முன்மொழிந்தது நான் அல்லேன். தந்தை மகனை முன்மொழிவது முறையாகாது என்று நான் ஒதுங்கிக்கொண்டேன். முன்மொழிந்தவன் பாண்டி.

இப்போது நீ செய்ததற்கு வருகிறேன்.

கே.கே. நகரிலிருந்து புதியவர்கள் சேர விரும்பினார்கள். நல்ல செய்தி. அவர்களுக்குக் குடம் தூக்க விருப்பமில்லை. அதுவும் புரிந்துகொள்ளக் கூடியதே; அப்படியென்றால் அவர்கள் ஏற முடியாது, அவ்வளவுதான். நீ என்ன செய்தாய்? பொதுக்குழுவைக் கூட்டாமல், குழுவில் உன்னோடு ஒத்துப்போகிற சிலரை மட்டும் உன் வீட்டில் உட்காரவைத்து, கழகத்தை இரண்டாகப் பிரித்தாய். ஒன்று 'உறுப்பினர்கள்'. மற்றொன்று 'பராமரிப்புக் குழு'. முன்னவர்கள் படகில் போவார்கள்; பின்னவர்கள் படகை நனைப்பார்கள், கொட்டகையைக் கூட்டுவார்கள். பொதுக்குழு இல்லாமல் விதியைத் திருத்தியது செல்லாது என்பது என் இரண்டாவது குற்றச்சாட்டுதான். முதலாவது வேறு. பலகையில் நீ ஒட்டியிருந்த இரண்டு பட்டியலையும் நின்று படித்தேன். பராமரிப்புக் குழுவில் கரைத்தெருவைச் சேராத ஒரு பெயரும் இல்லை. உறுப்பினர்களில் கரைத்தெருவைச் சேர்ந்த ஒரு பெயரும் இல்லை. நம் தெருவில் பல ஆண்டுகளாகக் குடத்தைத் தொடாதவர்கள்கூட உறுப்பினர்களாகியிருக்கிறார்கள். நீ அதில் சாதி என்ற சொல்லை எங்கும் எழுதவில்லை. எழுதியிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். பேனாவை எடுத்து அந்த ஒரு சொல்லை அடித்திருப்பேன். எழுதாமலேயே அதைச் செய்ய உனக்கு யார் கற்றுக்கொடுத்தது? நிச்சயமாக நான் இல்லை.

ஞாயிறன்று காலையில் பாண்டி வழக்கம்போல வந்தான். பலகையில் ஒட்டியிருந்ததை அவன் பார்த்திருக்கவில்லை. அவன் ஏன் பார்க்க வேண்டும்? சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு, தன் இடத்தில் போய் உட்கார்ந்தான்.

"வா மாப்ள, தண்ணி அம்புட்டு நல்லாக் கெடக்கு. பாலம் வரைக்கும் ஒரே இழுப்பு."

நீ அவனைப் பார்க்கவில்லை. உன் மாமனாரைப் பார்த்தாய். "பாண்டி, எறங்கு. இன்னைக்கு மெம்பர்ஸ் மட்டுந்தேன்."

அவன் சிரித்தான், நீ கேலி செய்கிறாய் என்று நினைத்து. "நான் மெம்பர் இல்லாம, ஆத்து மீனா?"

"போர்டுல ஒட்டியிருக்குல்ல, பாக்கலையா? நீங்கள்லாம் பராமரிப்புக் குழு. சாயங்காலமா வந்து கொட்டகையக் கூட்டிவிட்டாப் போதும்."

அவன் இறங்கினான். அவன் இடத்தில் காலணியோடு ஒருவர் ஏறி, முதுகு காட்ட வேண்டிய திசைக்கு முகத்தைக் காட்டி உட்கார்ந்து, துடுப்பைத் துடைப்பத்தைப் போலப் பிடித்தார். எல்லோரும் ஏறிவிட்டதால் படகு சேற்றில் அழுந்தி நகரவில்லை. அப்போது நீ சொன்னாயே ஒரு வார்த்தை, அதைக் கேட்கும் வரையிலும்கூட நான் உனக்காக ஏதோ ஒரு சமாதானத்தைத் தேடிக்கொண்டிருந்தேன். "பாண்டி, கொஞ்சம் தள்ளிவிடு" என்றாய். அவன் முழங்கால் சேற்றில் இறங்கித் தள்ளினான். படகு தண்ணீரில் மிதந்ததும் கையை எடுத்துவிட்டுச் சொன்னான்: "போயிட்டு வாங்க சார்."

அரைக்கால்சட்டைக் காலத்திலிருந்து உன்னை மாப்ள என்பதைத் தவிர வேறெதுவும் சொல்லி அழைக்காதவன். உன் காதில் அது விழுந்தது. நீ திரும்பிப் பார்த்ததை நான் பார்த்தேன். பார்த்துவிட்டுப் போய்விட்டாய். உன்னைக் கரையில் நிறுத்தியபோது அவன் இறங்கி வந்தான். அவனைக் கரையில் நிறுத்திவிட்டு நீ போனாய். இவ்விரண்டையும் அடுத்தடுத்து எழுதிவைக்கிறேன், நீயே படித்துக்கொள்.

அன்று மாலை உன் வீட்டில் நீ அடுக்கிய நியாயங்களுக்கு ஒவ்வொன்றாகப் பதில் சொல்கிறேன். அப்போது என் குரல் உயர்ந்துவிட்டதால் ஒழுங்காகச் சொல்ல முடியவில்லை. "டாக்டரு, இஞ்சினியரு வாராங்கப்பா, அவுங்களப் போயிக் கொடம் தூக்கச் சொல்ல முடியுமா?" என்றாய். முடியும். நான் சொல்லியிருக்கிறேன்; கோயில் பட்டரின் மகன் தூக்கியிருக்கிறான், நானும் தூக்கியிருக்கிறேன். கேட்கக் கூச்சம் உனக்குத்தான். அடுத்து, "அவுங்க பைபர் போட்டு வாங்கித் தாரேங்கிறாங்க. அதுக்கு வெயிலும் ஒண்ணு, மழையும் ஒண்ணு. நனைக்கவே வேணாம். அப்புறம் ஒங்க விதி எதுக்குப்பா?" என்றாய். இதுதான் உன் வாதங்களில் வலுவானது, இரவெல்லாம் யோசித்தேன். கண்ணாடியிழைப் படகை வாங்கட்டும், மகிழ்ச்சி. நனைக்க வேண்டாத படகு வந்தால் நனைத்தவர், நனைக்காதவர் என்ற வேறுபாடே இல்லை. எல்லோரும் ஏறலாம், விதியை நானே என் கையால் கிழிக்கிறேன். ஆனால் எனக்கு ஒன்றை விளக்கு: நனைக்கவே வேண்டாத படகுக்கு நனைக்கிற குழு எதற்கு? அந்தக் குழு படகுக்காகப் போடப்பட்டதன்று. அந்தப் பலகையில் உன் பக்கத்தில் யார் உட்காரக் கூடாது என்பதற்காகப் போடப்பட்டது.

கடைசியாகச் சொன்னாய்: "பாண்டி தப்பா எடுத்துக்க மாட்டாம்ப்பா. அவன் நம்ம பய." உன் பேச்சு முழுவதிலும் என்னை மிக அதிகமாகச் சினங்கொள்ள வைத்தது இதுதான். தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டியதைத் தப்பாகத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். எடுத்துக்கொள்ள மாட்டான் என்று நம்பி ஒருவனை அவமதிப்பவன், அவனுடைய நட்பையே அவனுக்கு எதிராகப் பயன்படுத்துகிறான்.

நான் மறுநாள் கரைத்தெருவுக்குப் போனேன். பாண்டியின் அம்மா வாசலில் மீன் கழுவிக்கொண்டிருந்தவர், எழுந்திருக்கவில்லை. "வாங்க சார். பத்திரிக வந்துருக்கு. நாங்க கல்யாணத்துக்குச் சாப்பிட வாரதா, எல கூட்ட வாரதா? அத மட்டும் ஒங்க மகன்ட்டக் கேட்டுச் சொல்லிருங்க, அதுக்குத் தக்கன சேல கட்டிக்கிர்றேன்." பாண்டி உள்ளிருந்து வந்து, "சும்மா இரும்மா" என்றான். பிறகு என்னிடம், "விடுங்க சார். கல்யாண நேரத்துல நீங்க எதுவும் பேச வேணாம். எங்களுக்குள்ள ஒண்ணுமில்ல. ஆனா எங்க தெருவுல இனி யாரும் கொடத்தத் தொட மாட்டாக. பேசி முடிச்சாச்சு. அம்புட்டுத்தேன்" என்றான். குரலை உயர்த்தவில்லை. என்னை உள்ளே வரச் சொல்லவும் இல்லை. இத்தனை ஆண்டுகளில் அது முதல் தடவை. ஆகவே அவன் சார்பில் நான் எழுதுவதாக நினைக்காதே. எழுத வேண்டாம் என்றுதான் அவன் சொன்னான். நான் எழுதிய விதியை நீ உடைத்திருக்கிறாய். என் கணக்கில் நான் எழுதுகிறேன்.

திருமணமாகப் போகிற மகனுக்குத் தந்தை அறிவுரை சொல்வது மரபு. உன் மனைவியை அன்பாக நடத்து என்றெல்லாம் எழுத எனக்கு வராது; அதை நீயே அறிவாய். நான் சொல்லத் தகுந்தது ஒன்று உண்டு. ஒவ்வொரு வீட்டிலும் யாரும் பார்க்காத கோடைவேலை ஒன்று இருக்கிறது. அடுப்பு, தண்ணீர், நோயாளிக்குக் கண்விழிப்பு, உறவினர் மனம் கோணாமல் பார்த்துக்கொள்வது. அதைச் செய்கிறவர் ஒருவர், ஆறு நிறைந்தபோது ஏறி உட்காருகிறவர் இன்னொருவர் என்று ஆகிவிட்டால் அந்த வீட்டில் சண்டைகூட வராது. ஒருநாள் அவள் உன்னை 'போயிட்டு வாங்க' என்று மரியாதையாக அனுப்பிவைப்பாள், உனக்கு ஏனென்றே தெரியாது. பாண்டியிடம் செய்ததை அவளிடம் செய்ய மாட்டாய் என்று எனக்கு என்ன உறுதி? பழகிய ஒருவனைப் பார்க்காமல் பேசக் கற்றுக்கொண்ட கண் வீட்டுக்குள் வந்ததும் மாறிவிடுமா? உன் அம்மாவைப் போல, "எழுதியிருக்கா?" என்று எல்லோர் முன்னிலையிலும் கேட்கிற துணிச்சல் அந்தப் பெண்ணுக்கு இருக்க வேண்டும் என்று விரும்புகிறேன். உன்னைத் திருத்த அது ஒன்றுதான் வழி என்று தோன்றுகிறது.

மாப்பிள்ளை அழைப்பன்று உன்னைப் படகில் ஏற்றி, விளக்குக் கட்டி, ஆற்றைக் கடந்து மண்டபத்துக்குக் கொண்டுபோக உன் மாமனார் ஏற்பாடு செய்கிறாராம். அந்தப் படகில் எனக்கும் உன் அம்மாவுக்கும் இடம் ஒதுக்கியிருப்பதாகச் சொல்லியனுப்பினாய். நாங்கள் வரமாட்டோம். சென்ற கோடையில் அந்தப் படகை நனைத்தவர்கள் யார் யார் என்பது எனக்குத் தெரியும். அவர்களில் ஒருவரும் அதில் இருக்கப்போவதில்லை. நானும் உன் அம்மாவும் பாலத்தின் வழியாக நடந்து மண்டபத்துக்கு வருவோம். உனக்கு முன்பே வந்து வாசலில் நிற்போம். தாலி கட்டும்போது பக்கத்தில் இருப்பேன், மனமார ஆசி கூறுவேன். நான் உன் தந்தை என்பது எந்தக் கூட்டமும் முடிவுசெய்கிற காரியமன்று.

திருமணத்துக்கு அடுத்த ஞாயிறு பொதுக்குழு கூடுகிறது. கையெழுத்துகளை வாங்கி முறைப்படி அறிவிப்பைக் கொடுத்துவிட்டேன். உன்னைச் செயலாளர் பொறுப்பிலிருந்து நீக்கவும், இரண்டு பட்டியலையும் அகற்றவும் தீர்மானம் கொண்டுவரப்போகிறவன் நான். செயலாளரைப் பற்றிய தீர்மானத்தில் செயலாளர் தலைமை தாங்கக் கூடாது என்பதை இப்போதே நினைவூட்டுகிறேன். உனக்குப் பேச உரிமை உண்டு, வாக்கும் உண்டு. கரைத்தெருக்காரர்களுக்கும் உண்டு, உன் பட்டியல் செல்லாத பட்டியல், அவர்கள் இன்னும் உறுப்பினர்களே. அவர்கள் வருவார்களா என்பது எனக்குத் தெரியாது. வாருங்கள் என்று கெஞ்சவும் மாட்டேன்; கெஞ்ச வேண்டியவன் நீ. அதற்கு இன்னும் நாள் இருக்கிறது. பாண்டியின் வீட்டுக்குப் போ. அவனைக் கொட்டகைக்கு வரச் சொல்லாதே, நீ போ. உன் மாமனார் அறிய, பகலில் போ. அவன் கதவைத் திறக்காமல் இருக்கலாம், அது அவன் உரிமை.

நீ போகாமல் இருந்துவிட்டு, கூட்டத்திலும் நீயே வெல்லலாம். கே.கே. நகர்க்காரர்கள் எண்ணிக்கையில் கூடியிருக்கிறார்கள் என்பது எனக்குத் தெரியும். வென்றால் உன் தீர்ப்புக்கு நான் கட்டுப்படுவேன். தோற்ற பிறகு வெளியே நின்று ஏசுவது என் வழக்கமன்று. அப்போது ஒரேயொரு வேண்டுகோள். உறுப்பினர் பட்டியலிலிருந்து என் பெயரை எடுத்துவிட்டு, பராமரிப்புக் குழுவில் பாண்டியின் பெயருக்குக் கீழே எழுது. வேறு யாரிடமும் கொடுக்காமல் உன் கையாலேயே எழுது. அடுத்த ஞாயிறு காலையில் நான் சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு வந்து பலகையில் உட்காருவேன். அப்போது உன் மாமனார் பக்கத்தில் நிற்கட்டும். என் முகத்தைப் பார்த்து, "அப்பா, எறங்குங்க, சாயங்காலம் வந்து கூட்டிவிட்டாப் போதும்" என்று சொல். இறங்குகிறேன். படகு சேற்றில் அழுந்தியிருந்தால் தள்ளியும் விடுகிறேன்.

அப்பா